மாற்றாள்

எங்கள் குடியிருப்பின் தண்ணீர் இங்கிருப்பவர்களுக்கு மட்டும்தான் போதும். வெளியிலிருந்து ஒருவர் தங்க வந்தால், அவர் இடத்துக்கு இங்கிருந்து ஒருவர் போயாக வேண்டும்.

மலையடிவாரக் குடியிருப்பில் விதை காக்கும் வேலைக்குப் போன என் மகள் கயல் போனில் அழுதாள். "நம்ம வீட்ல நாலு நாள் படுத்து எந்திரிக்கணும்மா."

கோடையில் மாற்றாளாகப் போக யாரும் சம்மதிக்கவில்லை. நான் கிளம்பினேன். தண்ணீர்ப் பங்கு பார்க்கும் அந்தோணி அண்ணன் தயங்கினார்.

"நீயே போனா அவளப் பாக்க முடியாதே, செண்பகம்."

"அவ இருக்கிற எடத்தையாச்சும் பாத்துட்டு வரேண்ணே."

இந்த மதியம் அவள் கட்டிலில் படுத்திருக்கிறேன். தலையணையில் அவள் தலைமுடி வாசம். போனில் அவளே கூப்பிட்டாள்.

"உன் பொடவயத்தான் போத்திப் படுத்திருக்கேன். எப்பம்மா வருவ?"

"நீ கெளம்புனதும்டி."