கடைசிக் கோஸ் தீரும்வரை

"இன்னைக்கும் கோஸா?"

தட்டைப் பார்த்த கணவனின் முகம் அஷ்டகோணலாகியது.

"தோட்டத்துல நட்டது நீங்க. விளைஞ்சதுக்கு நான் என்ன பண்ண முடியும்?" என்றாள் அவள்.

"நாத்து வாங்கும்போது பாதி பட்டுப்போகும்னு கடைக்காரன் சொன்னான். ஒண்ணுகூடச் சாகலையே! இன்னும் எத்தனை மிச்சம் இருக்கு?"

எதிரே உட்கார்ந்திருந்த அவள் அப்பா நிமிரவில்லை. தன் தட்டிலிருந்த கோஸை ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனார். அவளுக்குத்தான் சுருக்கென்றது.

அப்பா ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு ஊரில் தனியாகத்தான் இருந்தார். "எங்ககூட வந்து இருங்கப்பா" என்று அவள் எத்தனையோ முறை கெஞ்சிவிட்டாள். "வேலை இல்லாத வீட்டுல எனக்குச் சோறு இறங்காதும்மா" என்பதுதான் எப்போதும் பதில். கடைசியில் அவரை வரவழைத்தது கோஸ்தான். அறுவடை விஷயத்தைப் போனில் சொன்னதும், "ஐயையோ, வெட்டிடாதீங்க! வேரோட பிடுங்கித் தொங்கவிட்டாத்தான் கெடாம இருக்கும். நான் வர்றேன்" என்று அடுத்த வண்டியில் வந்து இறங்கிவிட்டார்.

வந்தவர் மாடிப்படிக்கு அடியில், வெயில் எட்டிப் பார்க்காத சின்ன அறையைத் தேர்ந்தெடுத்தார். குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டினார். ஒவ்வொரு கோஸையும் வேரைப் பிடித்துக் கட்டி, தலைகீழாக, ஒன்றோடொன்று உரசாமல் தொங்கவிட்டார். மேல் இலையை உரிக்கப் போன மகளின் கையைத் தட்டிவிட்டார்.

"அதுதான் அதுக்குச் சட்டை. கழட்டினா வாடிடும்."

காலையில் காபிகூடக் குடிக்காமல் அந்த அறைக்குள் போவார். ஒவ்வொன்றையும் தொட்டுத் தட்டிப் பார்த்து, அழுகின இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு வருவார். வந்த அன்றே ஓர் அறிவிப்பும் செய்துவிட்டார்: "கடைசிக் கோஸ் தீர்ந்த மறுநாள் எனக்கு வண்டி." சொன்னால் சொன்னதுதான். ஆயுசு முழுக்கக் கால அட்டவணைப்படி ஓடிய மனுஷர்.

ஆனால் அவர் வந்ததிலிருந்து வீடே வேறாகிவிட்டது. குக்கர் விசிலடித்தால், "சிக்னல் விழுந்தாச்சு, வண்டியை எடு" என்பார். அவள் கரண்டியும் கையுமாக நின்று சின்னப்பிள்ளை மாதிரிச் சிரிப்பாள். கோஸைக் கயிற்றிலிருந்து அறுக்கும்போது மட்டும் மனசு கேட்காது. ஒரு கோஸை இரண்டு நாளைக்கு இழுத்துப் பிடித்துச் சமைத்தாள்.

கணவனானால் எத்தனை மிச்சம், எத்தனை மிச்சம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். அது போதாதென்று, வேலையிலிருந்து வந்ததும் தோள் பையைக்கூட இறக்காமல் நேரே படிக்கட்டு அறைக்குள் நுழைகிறான்.

"அங்க என்ன பண்றீங்க?"

"சும்மாதான். எவ்வளவு இருக்குன்னு பார்த்தேன்."

அவளைப் பெற்ற அப்பாவை இப்படியா நாள் எண்ணி வழியனுப்பப் பார்ப்பது? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வழக்கமாகக் கதவோரம் கைக்கு எட்டியதை அறுத்துக்கொண்டு வருகிறவள், அன்று மதியம் விளக்கைப் போட்டுப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை நாள் சமைத்தும் கயிற்றில் பெரிதாக இடைவெளியே விழவில்லை! கிட்டே போனாள். பின்வரிசையில் பல கோஸ்களுக்கு வேரே இல்லை. ஒட்ட வெட்டிய அடி, மேல் இலை உரித்த வழவழப்பு. கடையில் வாங்கியவை. சணலால் நாலு பக்கமும் சுற்றி, உச்சியில் முடிச்சுப் போட்டிருந்தது. அது அப்பாவின் முடிச்சு. அறுந்த பள்ளிக்கூடப் பைக்கு அவர் எத்தனை தடவை போட்டுக் கொடுத்திருக்கிறார்!

அந்த முடிச்சைத் தடவிப் பார்த்தாள். யாரிடமும் எதுவும் கேட்டறியாதவர். மகள் வீட்டில் இன்னும் கொஞ்ச நாள் இருக்கும் ஆசையில், மாலை நடைக்குப் போகிற சாக்கில், திருட்டுத்தனமாகக் கோஸ் வாங்கி வருகிறாரே! இது மட்டும் இவன் கண்ணில் பட்டால்?

சாயங்காலம் அவன் வந்ததும் படிக்கட்டு அறைக் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நில்லுங்க. இனிமே உள்ள போய் எண்ண வேண்டாம்."

"எதை?"

"எங்கப்பா எப்போ கிளம்புவார்னு தினமும் எண்ணுறீங்களே, அதை! உங்களுக்குத் தெரியுமா? பாவம், அவரே கடையில கோஸ் வாங்கிட்டு வந்து கட்டித் தொங்கவிட்டிருக்கார். இங்க இருக்க அவருக்கு அவ்வளவு ஆசை. இதை வெச்சு அவரை ஒரு வார்த்தை கேலி பண்ணினீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்!"

அவன் திருதிருவென்று முழித்தான்.

"மெதுவாப் பேசு. மாமா காதுல விழுந்துடப் போகுது" என்றபடி தோள் பையைத் திறந்து காட்டினான்.

உள்ளே இரண்டு கோஸ். வேர் இல்லாதவை.

"நீங்களா?"

"பின்னே? மாமா வந்தப்புறம்தான் உன் சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்குது. இருங்கன்னு சொன்னா இருக்கிற ஆளா அவர்? அதான் தீராமப் பார்த்துக்கறேன். எனக்குக் கோஸைக் கண்டாலே குமட்டுது, அது வேற விஷயம்."

கண் கலங்கியபடியே சிரித்துவிட்டாள். சட்டென்று சிரிப்பு நின்றது.

"ஆனா அந்த முடிச்சு அப்பா போட்டதாச்சே?"

"எந்த முடிச்சு? நான் மூலையில இருக்கிற கூடையில போட்டுட்டு ஓடி வந்துடுவேன். அவ்வளவுதான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூடத்தில் செய்தித்தாளை மடிக்கும் சத்தம் கேட்டது.

"மாப்பிள்ளை," என்றது அப்பாவின் குரல், "நாளைக்காவது வேரோட கிடைக்குதான்னு பாருங்க. ஒவ்வொண்ணையும் சுத்திச் சுத்திக் கட்டித் தொங்கவிடறதுக்குள்ள எனக்கு இடுப்பு கழண்டுபோகுது!"