குறட்டைக்கு ஒரு கிளிப்

“வாங்கம்மா! வீட்டுக்காரர் வரலையா?” என்றார் பல் டாக்டர். குறட்டை வராமல் தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் கிளிப், அவருடைய பற்களைப் படியெடுத்த பிளாஸ்டர் அச்சின் மேல் தயாராக இருந்தது. “இதை மாட்டினா வீடே கப்சிப்தான்!”

அந்த அம்மாள் கிளிப்பைத் தொடவில்லை.

“அவர் குறட்டையைப் பதிவு பண்ணி அனுப்பினேனே, டாக்டர், அது இருக்கா?”

“கேட்டதும் அழிச்சிட்டேனே. உங்ககிட்ட இல்லையா?”

“எரிச்சல்ல நானும் அழிச்சிட்டேன்.”

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. “தொல்லை விட்டதுன்னு நிம்மதியா தூங்குவீங்களா, அதைப் போய்த் தேடறீங்க!”

“போன வாரம் தூக்கத்துலயே அவருக்கு மூச்சு நின்னுடுச்சு, டாக்டர். அந்தச் சத்தம் இல்லாம எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது.”



அவள் கிளிப்பைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அந்தப் பல் அச்சை மட்டும் கைப்பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டாள்.