கழற்றிய சட்டை

பனைமர உயரத்துக்கு எழும்பிய அலையில் பலகைமேல் சறுக்கி வந்தவன் தடுமாறி விழுந்தான். பாறைமேட்டில் நின்ற கூட்டம் அலறியது. நுரை அடங்குவதற்குள் தண்ணீர் ஸ்கூட்டர் ஒன்று பாய்ந்து வந்து அவனை அள்ளிக்கொண்டு போனது.

“எப்பிடி மக்ளே, இவ்வளவு வெரசா வந்தான்?” என்று கேட்டார் ததேயுஸ்.

லிஸ்பனில் நர்ஸாக இருக்கும் மகள் பெல்சிக்கு அப்பா வாய் திறந்ததே பெரிய விஷயம். குமரிக் கடற்கரை வீட்டில் முடங்கிக் கிடந்தவரை விமானம் ஏற்றி, போர்ச்சுகலின் இந்த அலைக் கிராமத்துக்குக் கூட்டி வந்திருந்தாள்.

“லைட்ஹவுஸ்ல ஒரு ஆளு கண்ண எடுக்காம பாத்துட்டே நிப்பாருப்பா. யாராவது விழுந்தா ஒடனே வயர்லெஸ்ல சொல்லீருவாரு.”

“வெளையாடப் போறவனுக்கா?”



முன்பு புயலில் கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்தபடி மகன் ஜெனிசோடு நடுக்கடலில் கிடந்தபோது, பொழுது சாயுமுன் பக்கத்திலேயே ஒரு கப்பல் வந்தது. ததேயுஸ் சட்டையைக் கழற்றித் தலைக்குமேல் சுழற்றினார். கப்பல் நிற்கவில்லை. விடியும்போது வள்ளத்தைப் பிடித்திருந்தவை அவருடைய கைகள் மட்டும்தான்.

இப்போதும் சட்டையைக் கழற்றினார். லைட்ஹவுஸைப் பார்த்துச் சுழற்றினார். கிழவருக்கு உற்சாகம் என்று நினைத்துப் பக்கத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

“குளிருதுப்பா, போடுங்க” என்று தடுக்கப் போன பெல்சி, சட்டென்று சிரித்தாள். “அங்க பாருங்க, அவரு ஒங்களப் பாத்துட்டாரு! கை காட்டுதாரு!”

ததேயுஸின் கை தானாக இறங்கியது. அந்தக் கப்பலின் மேல்தட்டில் நின்றவனும் இப்படித்தான், சந்தோஷமாகக் கை காட்டிவிட்டுப் போனான்.