பாசியண்ணியின் புதுத் தொட்டி

மூத்த மருமகள் கூடத்தின் இருண்ட மூலையில் வைத்த புது மீன்தொட்டியில் இடுக்கியால் செடிகளை நெருக்கி நட்டுக்கொண்டிருக்கிறாள். பழைய தொட்டி வெயில் விழும் ஜன்னலோரம் இருந்து, விளக்கும் அணையாமல் எரிந்ததில் பச்சைப் பாசியாகிப்போனது. காரணம் அவளுக்கு மட்டும் தெரியும். அன்றிலிருந்து கொழுந்தன் சொந்தபந்தம் முன்னால் அவளைப் "பாசியண்ணி" என்று கூப்பிட்டுச் சிரிக்கிறான். இப்போது ஈரம் சொட்டும் செடிப் பையோடு வாசலில் நிற்கிறான். "பாசியண்ணி, நானும் தொட்டி வாங்கிட்டேன். எங்க வைக்கட்டும்?" அவள் இடுக்கியால் ஒரு வேரை மணலில் அழுத்துகிறாள். "ஜன்னலோரமா வைங்க தம்பி, நல்லா வெயில் படட்டும்." "நீங்க மட்டும் மூலையில வச்சிருக்கீங்க?" "எனக்கு வேற இடம் ஏது?" "விளக்கு?" "அணைக்கவே அணைக்காதீங்க. செடி பாவம்." அவன் விசிலடித்துக்கொண்டே போகிறான். அவள் ஈரக்கையைத் துடைத்து, தன் தொட்டியின் விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னல் திரையை முழுக்க இழுத்து மூடுகிறாள்.