புது மைதானத்தில் ஆர்வின்

நகரின் நடுவே எழும்பியிருக்கும் புது பேஸ்பால் மைதானத்தில் இன்று முதல் ஆட்டம். பார்வையில்லாத ஆர்வின், மனைவி டெலோரிஸின் கையை இறுகப் பற்றியபடி உட்கார்ந்திருக்கிறார். இடித்துத் தள்ளிவிட்ட பழைய மைதானத்தில், மட்டையில் பந்து படும் ஓசையை வைத்தே அது எங்கே விழும் என்று சொல்லிவிடுவார். முப்பது வருடம் அப்படித்தான் ஆட்டம் பார்த்தார். இங்கே ஒலிபெருக்கி ஒரு நொடிகூட ஓய்வதில்லை. "அடிச்சானா, கோட்டை விட்டானா? சொல்லுடி!" "உங்க காதுலதானேங்க கத்துறேன்!" "கேக்கலைடி... எனக்கு ஒண்ணுமே தெரியலைடி." திடீரென்று இருக்கைகள் படபடவென மடங்க, கூட்டம் மொத்தமும் எழுந்து ஆர்ப்பரிக்கிறது. ஆர்வினும் எழுந்து, இரு கைகளையும் தூக்கித் தொண்டை கிழியக் கத்துகிறார். அவர் முகம் திரும்பியிருப்பது ஒலிபெருக்கியின் பக்கம். ஆடுகளம் அவருடைய முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. டெலோரிஸுக்கு அவரைத் திருப்பி நிறுத்த மனம் வரவில்லை.