துண்டுக்குள்ளே விரல்

"யோவ் சூசை, இந்த வருஷம் எத்தினி டஜன் பேரைப் புடிச்ச?"

மாட்டுத் தரகர் தங்கவேல் போட்ட சத்தத்தில் மதகடிப்பட்டு மாட்டுச் சந்தையே திரும்பிப் பார்த்தது.

சூசைநாதன் சிரித்தார். மற்ற நாளில் அவர் பெயின்டர். செவ்வாய்க்கிழமை மட்டும் வேலையை விட்டுவிட்டு, பூரணாங்குப்பத்திலிருந்து பஸ் ஏறி, இயேசுவைப் பற்றித் துண்டுப் பிரசுரம் கொடுக்கச் சந்தைக்கு வந்துவிடுவார். வாங்கியவர்களில் பாதிப் பேர் அதிலேயே வடை எண்ணெயைத் துடைத்துப் போட்டார்கள்.

"ஒருத்தரையும் புடிக்கலண்ணே."

"அதையும் சிரிச்சிக்கினே சொல்ற! எனக்கும் துண்டுதான் பொழப்பு, உனக்கும் துண்டுதான் பொழப்பு. என் துண்டுக்குள்ள கை வுட்டா மாடு கை மாறுது. உன் துண்டை வாங்கினவன் எவன்யா மாறினான்?"

பக்கத்தில் நின்ற சின்னத் தரகர் அரிகரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

தங்கவேலுக்கு நிஜமாகவே இது விளங்கவில்லை. பேரம் படியாத இடத்தில் அவர் ஒரு நிமிஷம் நின்றதில்லை. இந்த ஆள் எதைக் கண்டு வாராவாரம் வருகிறான்?

"சரி, பந்தயம். சந்தை கலையறதுக்குள்ள ஒருத்தன் மாறினான்னு காட்டு. காட்டலன்னா அடுத்த வாரம் இந்தப் பக்கம் தலை வெக்கக் கூடாது. வெச்சா நானே தொரத்துவேன்."

"சொல்றதுதாண்ணே எனக்கு வுட்ட வேலை. மனசை மாத்தறது ஆண்டவர் வேலை. அதை நான் எப்பிடிக் காட்டறது?"

"தப்பிக்கிற பேச்சு! அப்பிடி இன்னாதான்யா சொல்ற? யாவாரிக்குப் புரியற மாதிரி சொல்லு."

சூசைநாதன் சுற்றி நின்ற மாடுகளைப் பார்த்தார். "மாடு வாங்கினா நீங்க இன்னா பாப்பீங்க?"

"பல்லு பாப்பேன். முடிச் சுழி நல்லதா கெட்டதான்னு பாப்பேன். ஒரு குறை மாட்டினா போதும், அதை வெச்சே வெலையை அடிச்சிடுவேன்."

"ஆண்டவரும் பாத்தாரு. நம்ம பல்லு, சுழி, வெளிய தெரியாத குறை எல்லாத்தையும் பாத்தாரு. பாத்தும் வெலையைக் குறைக்கல. தன் உயிரையே முழுசா குடுத்து நம்பள வாங்கினாரு."

"குறை தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"பேரமே பேசல?"

"பேசல."

"இதெல்லாம் ஒரு யாவாரமா!" என்று தங்கவேல் எரிந்து விழுந்தார். ஆனால் நகரவில்லை. "எவனும் அப்பிடி வாங்க மாட்டானே... எதுக்கு வாங்கினாரு?"

சூசைநாதன் வாயைத் திறப்பதற்குள், "தரகரே!" என்று குரல் வந்தது.

கரிக்கலாம்பாக்கம் பாக்யராஜ் பசுவோடு நின்றுகொண்டிருந்தார். மேய்த்த இடமெல்லாம் பிளாட்டாகிவிட்டது. விற்றுத்தான் ஆக வேண்டும். வாங்க வந்தவர் மடுகரை சிங்காரவேலு.

தங்கவேல் தோள் துண்டை உதறினார். முதலில் சிங்காரவேலுவின் கை துண்டுக்கடியில் போனது. எந்த விரலை எப்படிப் பிடித்தால் என்ன விலை என்பது அந்த இரண்டு கைக்கு மட்டும்தான் தெரியும். சிங்காரவேலு நல்ல விலைக்கே பிடித்தார். பணத்தையும் தங்கவேல் கையில்தான் கொடுப்பார்.

அடுத்தது பாக்யராஜ். இங்கேதான் தங்கவேலின் வித்தை. வாங்குபவர் பிடித்ததில் ஒரு விரலை மடக்கிக்கொண்டு விற்பவருக்குக் காட்டுவார். தரகு போக, மடக்கிய விரலின் பணமும் அவருக்கே. இது அரிகரனுக்கும் தெரியும். கற்றுக்கொடுத்தவரே தங்கவேல்தான்.

"முதுகுல சுழி சரியில்லியே பாக்யராஜு!" ஊருக்கே கேட்கும்படி சொன்னார்.

பாக்யராஜின் முகம் செத்துப்போனது. "தெரியுங்க. பாத்துப் பண்ணுங்க."

கை துண்டுக்கடியில் போனது. சட்டென்று முடிகிற வேலை, இன்றைக்கு இழுத்தது. பாக்யராஜ் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாய்யா மூஞ்சைப் பாக்கற? சரியா, இல்லியா?"

"சரி... சரிங்க."

கயிறு கை மாறியது.

சந்தை கலைந்தது. மிச்சமிருந்த பிரசுரங்களைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார் சூசைநாதன்.

"இன்னா சூசை, எவனாவது மாறினானா?"

"எனக்குத் தெரியலண்ணே."

"தெரியலல்ல? அப்ப தோத்துட்ட."

"ஆமாண்ணே, பந்தயத்துல தோத்துட்டேன். ஆனா வருவேண்ணே. தொரத்தினா அந்தப் புளிய மரத்தாண்ட நின்னு குடுக்கறேன்."

தங்கவேல் துண்டைத் தோளில் அறைந்து போட்டார். "மரத்தாண்ட எதுக்கு? இங்கயே வந்து தோத்துட்டுப் போ. எதுக்கு வாங்கினாருன்னு கேட்டேனே, அதுக்கு இன்னும் நீ பதில் சொல்லல. இப்ப பஸ்ஸு போயிடும், அடுத்த வாரம் வந்து சொல்லு."

சூசைநாதன் ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

அரிகரன் ஒட்டி வந்து குரலைத் தாழ்த்தினான். "சுழி கிழின்னு நல்லாதான் அடிச்சண்ணே. எத்தினி விரல் மடக்கின?"

தங்கவேல் போகிற ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் மடக்கலடா. அந்தாளுகிட்ட சொல்லித் தொலைக்காத. அப்புறம் தான்தான் மாத்தினேன்னு நெனச்சிக்கப் போறான்."