நிலாவில் அசைந்த கை

சகல ஜனங்களுக்கும் முக்கிய அறிவிப்பு: பிரமாதி வருஷம் சித்திரா பௌர்ணமியன்று சந்திரனைப் பாம்பு விழுங்கும், வெளியே வரும் கர்ப்பிணியின் பிள்ளை பிழைக்காது.

இப்படித் தமுக்கடிக்க வைத்தவர் கந்தர்வக்கோட்டை ஜோசியர். இரண்டு முறை கர்ப்பம் கலைந்து, இப்போது ஏழு மாதமாயிருந்த கண்ணாத்தாள் பயந்துகொண்டே, பார்க்கும் ஆசையை அடக்க முடியாமல் வாசலுக்கு வந்தாள். நிலா பாதி மறைந்திருந்தது.

"பாம்புமில்ல, பூரானுமில்ல. நடுவுல பூமி வந்திருச்சு. அங்கிட்டு விழுறது நம்ம நிழல்தான், ஆத்தா," என்றார் எதிர்வீட்டு வாத்தியார்.

"அப்ப நானும் அதுல இருக்கேனாங்க?"

"இருப்பே. கண்ணுக்குத்தான் தெரியாது."

அவள் கையை ஆட்டினாள். நிலாவில், நிழலின் விளிம்பில் ஒரு கை ஆடியது. பக்கத்தில் மிகச் சின்னதாக இன்னொரு கையும் ஆடியது.

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். இரண்டும் ஆடின.

ஆடி மாதம் பிள்ளை சுகமாகப் பிறந்தது. தீர்க்காயுசு என்று ஜாதகம் எழுதிக் கொடுத்தவர் அதே ஜோசியர்தான்.